லூத்தர் மார்ட்டின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவர் யார்? மார்ட்டின் லூதரா?

இல்லை. மார்ட்டின் லூதர் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் மதச் சீர்திருத்தவாதி. லூத்தர் மார்ட்டின் (1748–1826) அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்து வழக்கறிஞர், 27 ஆண்டுகளுக்கு மேல் அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வழக்கறிஞர்). 1787இல் அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டில் உட்கார்ந்து, கடைசியில் அதை எதிர்த்து வெளியேறியவர். தேடுபொறியில் பெயரைத் திருப்பிப் போட்டால் மதச் சீர்திருத்தவாதிதான் முதலில் வருவார். 'மேரிலேண்ட்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

எங்கே பிறந்தார்? சட்டம் எப்படிப் படித்தார்?

நியூ ஜெர்சியில், ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில். இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்று அறியப்படும் நியூ ஜெர்சி கல்லூரியில் 1766இல் பட்டம் பெற்றார். கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து ஒரு விவாதக் கழகம் தொடங்கினார். அதில் இருந்த வில்லியம் பேட்டர்சனும் ஆலிவர் எல்ஸ்வொர்த்தும் 21 ஆண்டுகள் கழித்து பிலடெல்பியாவில் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்தார்கள்.

அன்று அந்த நாட்டில் சட்டக் கல்லூரி கிடையாது. ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து கற்பது ஒரு வழி. சட்ட நூல்களைத் தானே படித்துத் தேர்வாளர்கள் முன் நிற்பது இன்னொரு வழி. மார்ட்டின் மேரிலேண்டின் குவீன்ஸ்டவுனில் பள்ளி ஆசிரியராகச் சம்பாதித்துக்கொண்டே படித்தார். 1771இல் வர்ஜீனியாவில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். வர்ஜீனியாவின் அக்கோமாக், நார்தாம்ப்டன் பகுதிகளிலும் பக்கத்து மேரிலேண்டிலும் மாறி மாறி வழக்காடினார்.

மாநில அட்டர்னி ஜெனரலாக என்ன செய்தார்?

1778இல், சுதந்திரப் போர் நடந்துகொண்டிருக்கும்போது நியமிக்கப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசியவர் சாமுவேல் சேஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். மாநிலத்தின் சார்பில் குற்ற வழக்குகளை நடத்துவதுதான் பதவியின் மையம். போர்க்காலத்தில் அது பெரும்பாலும் பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்களைக் கூண்டில் ஏற்றும் வேலையாக இருந்தது. 1781இல் பால்டிமோர் குதிரைப்படையில் சேர்ந்து, வர்ஜீனியாவில் பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட்டின் படையோடு போய்ச் சேர்ந்தவரை, ஒரு தேசத்துரோக வழக்கை நடத்த ஆள் வேண்டும் என்று ஆளுநர் திரும்ப அழைத்துக்கொண்டார்.

பதவியில் இருந்துகொண்டே தனியாக வழக்குகள் எடுக்கத் தடையில்லை. அவர் காலத்தில் மேரிலேண்டில் முக்கியமான வழக்கு என்றால் ஏதாவது ஒரு பக்கத்தில் பெரும்பாலும் மார்ட்டின் இருப்பார். 1805இல் பதவி விலகினார். இடையில் பால்டிமோரில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தார். 1818இல் மறுபடியும் அட்டர்னி ஜெனரல் ஆனார்.

1787 மாநாட்டில் எதற்காகச் சண்டை போட்டார்?

பெரிய மாநிலங்கள் மக்கள்தொகைக்கு ஏற்ப இடம் கேட்டன. மார்ட்டின், பேட்டர்சன் முதலானோர் மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்ற பழைய முறையே தொடர வேண்டும் என்றார்கள். மார்ட்டினின் அடிப்படை வாதம் இது: கூட்டரசு மாநில அரசுகளைக் காப்பதற்காக ஏற்பட்டது, தனிமனிதர்களை நேரடியாக ஆள்வதற்கு அல்ல. சுதந்திரமான மனிதர்கள் எப்படிச் சமமோ அப்படியே சுதந்திரமான மாநிலங்களும் சமம். வர்ஜீனியா, மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா மூன்றும் கைகோத்தால் மீதி பத்து மாநிலங்கள் அடிமைகள்தான் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது.

வாக்கெடுப்பு நடந்த விதம் தெரிந்தால்தான் அவருடைய பங்கு புரியும். அந்த அறையில் வாக்கு மாநிலத்துக்கு ஒன்று. உறுப்பினர்கள் தங்களுக்குள் சமமாகப் பிரிந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு எந்தப் பக்கத்திலும் சேராது. மேரிலேண்டில் மார்ட்டினும் டேனியல் ஜெனிஃபரும் எதிரெதிர்க் கட்சி. ஜூலை 2 அன்று மேலவையான செனட்டில் சம வாக்கு பற்றிய தீர்மானம் வாக்குக்கு வந்தபோது ஜெனிஃபர் வந்து சேரவில்லை. மேரிலேண்டின் வாக்கை மார்ட்டின் தனியாகப் போட்டார். ஜார்ஜியா இரண்டாகப் பிரிந்தது. முடிவு 5–5. ஜெனிஃபர் நேரத்துக்கு வந்திருந்தால் 4–5 என்று தோற்றிருக்கும்.

சிக்கலை அவிழ்க்க மாநிலத்துக்கு ஒருவர் வீதம் 11 பேர் கொண்ட குழு போடப்பட்டது. மேரிலேண்டின் உறுப்பினர் மார்ட்டின். கீழவையில் மக்கள்தொகைப்படி, செனட்டில் சமம் என்ற சமரசம் அங்கேதான் உருவானது. ஜூலை 16 அன்று 5–4 என்று தேறியது, மாசசூசெட்ஸ் பிரிந்து நின்றது. இன்றும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு செனட்டர்கள் இருப்பது இந்த வாக்குகளின் விளைவு.

மூன்று மணி நேரம் பேசி எல்லாரையும் தூங்க வைத்தார் என்பது உண்மையா?

தூங்கியதற்குச் சான்று இல்லை. நீளமாகப் பேசியது உண்மை. ஜூன் 27 அன்று மூன்று மணி நேரத்துக்கு மேல் பேசி, களைத்துப்போய், மீதியை மறுநாள் தொடர்ந்தார். லாக், வாட்டெல், பிரீஸ்ட்லி என்று அரசியல் சிந்தனையாளர்களின் நூல்களிலிருந்து பத்தி பத்தியாக மேற்கோள். மாநாட்டு நடவடிக்கைகளைக் குறிப்பெடுத்த வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் தன் குறிப்பில் அந்தப் பேச்சைக் கட்டுக்கோப்பில்லாதது, ஆவேசமானது என்கிறார். மாடிசன் எதிரணி, அப்படித்தான் எழுதுவார் என்று தள்ளிவிட முடியாது. அதே அணியில் இருந்த நியூ யார்க்கின் ராபர்ட் யேட்ஸும் அவர் பேச்சைப் பின்தொடரவே முடியவில்லை என்றுதான் எழுதினார். சரக்கு நிறைய இருந்தது, அடுக்கத் தெரியவில்லை. இந்தக் குறை கடைசிவரை அவரை விடவில்லை.

கூட்டரசுச் சட்டமே மேலானது என்ற விதியை இவரா கொண்டுவந்தார்? மாநில உரிமைக்காரர் ஆயிற்றே?

அவர்தான். முரண்பாடாகத் தெரியும், ஆனால் காரணம் தெளிவானது.

மாநிலச் சட்டங்கள் எதையும் கூட்டரசு நாடாளுமன்றம் ரத்து செய்யலாம் என்ற அதிகாரத்தை மாடிசன் கேட்டுக்கொண்டிருந்தார். ஜூலை 17 அன்று அது 3–7 என்று தோற்றது. அந்த வெற்றிடத்தை வேறு எதுவும் நிரப்புவதற்கு முன் மார்ட்டின் எழுந்து, சிறிய மாநிலங்களுக்காகப் பேட்டர்சன் முன்வைத்த நியூ ஜெர்சித் திட்டத்தில் இருந்த மென்மையான ஒரு வாசகத்தை முன்மொழிந்தார்: கூட்டரசின் சட்டங்களும் ஒப்பந்தங்களும் மாநிலங்களில் மேலான சட்டமாக இருக்கும், மாநில நீதிபதிகள் அவற்றுக்குக் கட்டுப்படுவார்கள். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

அவர் கணக்கு இரண்டு அனுமானங்களின் மேல் நின்றது. ஒன்று, கூட்டரசுக்குத் தனியாகக் கீழ் நீதிமன்றங்கள் இருக்காது. எனவே எது முரண், எது முரணல்ல என்பதை முதலில் மாநில நீதிபதிகளே தீர்மானிப்பார்கள். இரண்டு, கூட்டரசுச் சட்டத்துக்குக் கீழ்ப்படுவது மாநிலத்தின் சாதாரணச் சட்டங்கள் மட்டுமே. மாநிலத்தின் சாசனமும் குடிமக்களின் உரிமைப் பட்டியலும் தொடப்படாது.

இரண்டும் பொய்த்தன. கீழ் நீதிமன்றங்களை அமைக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் போனது. பின்னால் வாசகத்தைத் திருத்தியபோது மாநிலச் சாசனங்களும் அந்த விதிக்குக் கீழே வந்தன. தான் முன்மொழிந்தது இது அல்ல என்று 1788இல் பத்திரிகையில் மார்ட்டின் வாதாடினார். அவர் சொன்னது சரி, ஆனால் பயனில்லை. 1819இல் இதே விதி அவர் தலையில் எப்படி விழுந்தது என்பதைக் கீழே பாருங்கள்.

அடிமை முறையை எதிர்த்தாரா?

மாநாட்டில் எதிர்த்தார். ஆகஸ்ட் 21 அன்று, அடிமைகளை இறக்குமதி செய்வதைத் தடுக்கவோ அதற்கு வரி போடவோ நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும் என்று கேட்டார். அந்த வணிகத்தைச் சாசனத்தில் காப்பாற்றுவது புரட்சியின் கொள்கைகளுக்கு முரண், அமெரிக்கரின் பெயருக்கு இழிவு என்பது அவர் வாதம். கிடைத்தது வேறு: 1808 வரை தடை செய்யக் கூடாது என்ற விதி. இதைச் சொல்லும்போதே அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்ட்டினைப் புகழ்கிற பல பக்கங்கள் இதை விட்டுவிடுகின்றன.

கையெழுத்துப் போடாமல் போனபின் என்ன செய்தார்?

செப்டம்பர் 4 அன்று பிலடெல்பியாவை விட்டுக் கிளம்பினார். மாநாட்டில் கலந்துகொண்ட 55 பேரில் 39 பேர் செப்டம்பர் 17 அன்று கையெழுத்திட்டார்கள். 'சாசனத்தில் கையெழுத்திட்டவர்' என்று மார்ட்டினைப் பற்றி எங்காவது படித்தால் அது பிழை.

மேரிலேண்ட் சட்டமன்றம் மாநாட்டுக்குப் போனவர்களை அழைத்து விளக்கம் கேட்டது. நவம்பர் 29 அன்று மார்ட்டின் கொடுத்த விளக்கம் விரிந்து, 1787 டிசம்பர் 28 முதல் 1788 பிப்ரவரி 8 வரை பால்டிமோர் பத்திரிகையில் 12 பகுதிகளாக வந்தது. மாநாடு ரகசியமாக நடந்தது என்பதால் இதன் மதிப்பு அதிகம். மாடிசனின் குறிப்புகள் அச்சானதே 1840இல்தான். உள்ளே யார் என்ன கேட்டார்கள் என்று வெளியே கசிந்த முதல் நீண்ட வாக்குமூலம் மார்ட்டினுடையது. எதிரணி வழக்கறிஞரின் வாக்குமூலம் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஜூரி விசாரணைக்கு உத்தரவாதம் போதாது, உரிமைப் பட்டியல் இல்லை, வரி அதிகாரத்துக்கு எல்லை இல்லை என்பவை சாசனத்தில் அவர் கண்ட முக்கியக் குறைகள். உரிமைப் பட்டியல் 1791இல் திருத்தங்களாக வந்தது.

1788 ஏப்ரலில் அன்னபோலிஸில் மேரிலேண்டின் ஒப்புதல் மாநாடு கூடியபோது ஹார்ஃபர்டு கவுண்டியின் உறுப்பினராக மார்ட்டின் இருந்தார். தொண்டை கட்டிப்போய்ப் பேச முடியவில்லை. (நேரம் மிச்சமானது என்று அன்றே கிண்டல் செய்தார்கள்.) 63–11 என்று சாசனம் ஏற்கப்பட்டது. எதிர்த்த 11 பேரில் மார்ட்டின், சாமுவேல் சேஸ், இளைஞர் வில்லியம் பிங்க்னி மூவரும் உண்டு.

பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெபர்சன் மீது மார்ட்டினுக்கு ஏன் அவ்வளவு பகை?

மனைவி வழி வந்தது. 1783இல் மார்ட்டின் மணந்தது எல்லைப்புறப் போர்வீரர் மைக்கேல் கிரெசப்பின் மகள் மரியாவை. 1774இல் ஓஹியோ ஆற்றோரம் லோகன் என்ற பழங்குடித் தலைவரின் குடும்பம் கொல்லப்பட்டது. லோகனின் புகழ்பெற்ற உரையைத் தன் வர்ஜீனியா நூலில் சேர்த்த ஜெபர்சன், கொலைப்பழியைக் கிரெசப் மேல் வைத்தார். கொன்றவர்கள் வேறு கூட்டம். மார்ட்டின் 1797 தொடங்கி ஜெபர்சனுக்குப் பத்திரிகைகளில் பகிரங்கக் கடிதங்கள் எழுதினார். ஜெபர்சன் அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், 1800இல் நூலுக்கு ஒரு பின்னிணைப்பு வெளியிட்டார். சாசனத்தை எதிர்த்த மார்ட்டின், ஜெபர்சனுக்கு எதிர்முகாம் என்ற ஒரே ஈர்ப்பில், சாசனத்தை ஆதரித்தவர்களின் பெடரலிஸ்ட் கட்சிப் பக்கம் சாய்ந்ததில் இந்தக் குடும்பப் பகைக்குப் பெரிய பங்கு உண்டு.

சேஸ் விசாரணையில் இவர் பங்கு?

உச்ச நீதிமன்ற நீதிபதியாகிவிட்ட சாமுவேல் சேஸ் மேல் 1804இல் கீழவை பதவி நீக்கக் குற்றச்சாட்டு கொண்டுவந்தது, மொத்தம் எட்டு. கட்சிச் சார்போடு வழக்கு நடத்தினார், ஜூரியிடம் அரசியல் பேசினார் என்பவை சாரம். மார்ட்டின் பழைய நன்றிக்கடனைத் தீர்க்க, சேஸின் வழக்கறிஞராக வந்தார். அவர் வாதம்: பதவி நீக்கத்துக்குச் சட்டப்படி தண்டிக்கத்தக்க குற்றம் வேண்டும், கெட்ட குணமோ தவறான தீர்ப்போ போதாது. செனட்டில் 34 பேர், தண்டிக்க 23 வேண்டும். எந்தக் குற்றச்சாட்டுக்கும் 19க்கு மேல் கிடைக்கவில்லை. 1805 மார்ச் 1 அன்று சேஸ் தப்பினார். அதற்குப்பின் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி எவர் மீதும் கீழவை அப்படிக் குற்றச்சாட்டு நிறைவேற்றியதில்லை. விசாரணைக்குத் தலைமை வகித்த துணை அதிபர் ஆரன் பர்.

அதே ஆரன் பர்ருக்காகத்தான் ரிச்மண்டில் வாதாடினாரா?

ஆம், 1807இல். முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனைத் துப்பாக்கிச் சண்டையில் கொன்றபின் அரசியலில் ஒதுக்கப்பட்ட பர், மேற்குப் பகுதியில் ஆள் திரட்டினார். அது தேசத்துரோகம் என்றது ஜெபர்சன் அரசு. தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் முன் விசாரணை. பர்ருக்கு ஆறு வழக்கறிஞர்கள், மார்ட்டின் அவர்களில் மூத்தவர்களில் ஒருவர். ஜாமீன் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டார்.

அரசின் சிக்கல் இதுதான். சாசனப்படி, தேசத்துரோகத்துக்குத் தண்டிக்க ஒரே வெளிப்படையான செயலைக் கண்ட இரண்டு சாட்சிகள் வேண்டும், அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் வேண்டும். குற்றப்பத்திரிகை காட்டிய செயல், 1806 டிசம்பரில் ஓஹியோ ஆற்றின் பிளெனர்ஹாசெட் தீவில் ஆயுதத்தோடு கூடியது. அன்று பர் அந்தத் தீவிலேயே இல்லை. அவர் திட்டத்தைப் பற்றி எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் அந்தச் செயலில் அவரைச் சேர்க்க இரண்டு சாட்சிகள் இல்லை. மார்ஷல் ஆகஸ்ட் 31 அன்று மற்ற சாட்சியங்களை அடைத்தார், மறுநாள் ஜூரி விடுவித்தது.

இந்த விதி உருவான அன்று மார்ட்டின் அறையில் இருந்தவர். 'திறந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால்' என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னதே அவர்தான், 1787 ஆகஸ்ட் 20 அன்று. அவை இல்லாமல் போனால் நீதிமன்றத்துக்கு வெளியே மிரட்டி வாங்கிய வாக்குமூலம் போதும் என்று யாராவது வாதிட இடம் இருந்திருக்கும்.

ஜெபர்சன் அரசு வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தில் மார்ட்டினை 'கொள்கையற்ற, திமிர்பிடித்த பெடரலிஸ்ட் புல்டாக்' என்றார். அவரையும் உடந்தையாகச் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டார். நவம்பரில் பால்டிமோரில் ஒரு கும்பல் பர், தீவின் உரிமையாளர் பிளெனர்ஹாசெட், மார்ஷல், மார்ட்டின் நால்வரின் கொடும்பாவிகளையும் தூக்கில் தொங்கவிட்டது.

குடிகாரரா?

ஆம், ஊரறிய. நீதிமன்றத்தில் குடித்துவிட்டு நின்ற கதைகள் ஏராளம், பாதி கட்டுக்கதை. நம்பத்தகுந்த சித்திரம் ரோஜர் டேனி எழுதியது. பின்னாளில் தலைமை நீதிபதியான டேனி, இளைஞராக அவர் வழக்காடுவதை நேரில் பார்த்தவர். மற்ற எல்லாரும் கைவிட்டுப் பல காலமான பின்பும் மார்ட்டின் மணிக்கட்டில் அகலமான லேஸ் வைத்த மடிப்புத் துணி அணிவார், அது அழுக்கேறி, நாள் கணக்கில் மாற்றாதது தெரியும் என்கிறார். பேச்சில் இலக்கணம் சறுக்கும், சொன்னதையே சொல்வார். ஆனால் சட்ட அறிவிலும் நினைவாற்றலிலும் அவரை அலட்சியம் செய்ய எவருக்கும் துணிச்சல் இல்லை.

1819 வங்கி வழக்கில் என்ன நடந்தது?

மெக்கலக் எதிர் மேரிலேண்ட். மாநில உரிமம் இல்லாத வங்கிகள் நோட்டு அச்சிட முத்திரைத்தாள் வாங்க வேண்டும் என்று 1818இல் மேரிலேண்ட் சட்டம் போட்டது. 5 டாலர் நோட்டுக்கு 10 சென்ட், 1,000 டாலர் நோட்டுக்கு 20 டாலர். மொத்தமாகக் கட்டுவதானால் ஆண்டுக்கு 15,000 டாலர். குறி, கூட்டரசு தொடங்கிய வங்கியின் பால்டிமோர் கிளை. காசாளர் ஜேம்ஸ் மெக்கலக் கட்டவில்லை. (தீர்ப்பு வந்த அதே ஆண்டில், இந்தக் கிளையிலேயே அவரும் கூட்டாளிகளும் பெரும் மோசடி செய்தது அம்பலமானது தனிக்கதை.)

மாநிலத்துக்காக மார்ட்டின், ஹாப்கின்சன், ஜோன்ஸ். வங்கிக்காக வெப்ஸ்டர், விர்ட், பிங்க்னி. ஆம், 1788இல் மார்ட்டினோடு சேர்ந்து சாசனத்துக்கு எதிராக வாக்களித்த அதே பிங்க்னி. ஒன்பது நாள் வாதம். மார்ட்டின் 1788 ஒப்புதல் விவாதங்களை வாசித்துக் காட்டினார்: இப்படி அதிகாரம் பெருகும் என்று நாங்கள் எச்சரித்தபோது, இல்லவே இல்லை என்று சாசனத்தின் ஆதரவாளர்கள் வாக்குக் கொடுத்தார்களே, இப்போது மாற்றிப் பேசுவது என்ன நியாயம்? வர்ஜீனியா விவாதத்தில் ஆதரித்துப் பேசிய ஒருவர், அன்று நீதிபதி இருக்கையில் இருந்த மார்ஷல்தான்.

வாதம் முடிந்த மூன்றாம் நாள், மார்ச் 6 அன்று, ஏகமனதான தீர்ப்பு: வங்கி செல்லும், வரி செல்லாது. கூட்டரசுச் சட்டம் மேலானது என்ற விதியே மேரிலேண்டின் வரியைச் சாய்த்தது. 32 ஆண்டுகளுக்கு முன் அதன் முதல் வாசகத்தை முன்மொழிந்தவர் தோற்ற பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காலம்?

அதே 1819இல் பக்கவாதம் வந்தது. பதவி 1822இல் போனது. சம்பாதித்ததெல்லாம் குடியிலும் கடனிலும் கரைந்திருந்தது. 1822இல் மேரிலேண்ட் சட்டமன்றம், மாநிலத்தில் தொழில் செய்யும் ஒவ்வொரு வழக்கறிஞரும் ஆண்டுக்கு 5 டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும், அந்தப் பணம் மார்ட்டினின் பராமரிப்புக்கு என்று தீர்மானம் போட்டது. ஒரு தனி வழக்கறிஞருக்காகச் சக வழக்கறிஞர்கள் மேல் விதித்த வரி. அப்புறம் நியூ யார்க்கில் ஆரன் பர் அவரைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1826 ஜூலையில், ஜெபர்சன் இறந்த சில நாள்களில், அங்கேயே இறந்தார்.

மூல ஆவணங்களைப் படிக்க எங்கே தொடங்குவது? எதில் ஏமாறுவோம்?

மாடிசனின் குறிப்புகளில் ஜூன் 27–28, ஜூலை 2, ஜூலை 17, ஆகஸ்ட் 20, 21 ஆகிய நாள்களை முதலில் படியுங்கள். பிறகு மார்ட்டினின் 12 பகுதி விளக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எங்கே அவர் வாதத்தை நீட்டுகிறார் என்று தெரியும்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதே மாநாட்டில் வட கரோலினாவின் அலெக்சாண்டர் மார்ட்டினும் இருந்தார். நம்மவரைக் குறிப்புகள் வழக்கமாக 'எல். மார்ட்டின்' என்கின்றன. முன்னெழுத்து இல்லாத 'மார்ட்டின்' வந்தால், அந்த இடத்தில் மேரிலேண்டின் வாக்கு எப்படி விழுந்தது, பேச்சு எந்தத் தரப்பை ஆதரிக்கிறது என்று சரிபார்த்த பிறகே மேற்கோள் காட்டுங்கள். 1789க்குப் பிந்தைய மேரிலேண்ட் வழக்குத் தொகுப்புகளில் தேடும்போது, 1805 வரை அவர் பெயர் மாநிலத்தின் சார்பிலும் தனி வாடிக்கையாளர் சார்பிலும் மாறி மாறி வரும். ஆகவே எந்த வழக்கில் எந்தத் தொப்பியோடு நின்றார் என்பதைத் தலைப்பிலிருந்தே குறித்துக்கொள்ளுங்கள்.